ஸ்கைரிமில் முந்நூறு எடை: பருப்புக் கடைக் கணக்குப்பிள்ளை சொல்லும் வழி

பெகுவில் இருக்கும் என் அக்கா மகன் ஸ்கைரிம் என்ற கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறான். போன மாதம் போன் பண்ணினான். "சித்தி, ஆளு ஆமை மாதிரி நகர்றான், ஓடவே மாட்டேங்கிறான். கேம் கெட்டுப்போச்சா?" கேம் கெடவில்லை. பையைத் திறந்து உள்ளே இருப்பதை வாசிக்கச் சொன்னேன். இரும்புக் கவசம் ஐந்து, இரும்புப் போர்ச்சுத்தி நாலு, வாள்கள் ஒரு கட்டு, முட்டைக்கோஸ், பதினோரு வாளி. வாளி எதற்கடா என்றால், "சும்மா கெடந்துச்சு" என்கிறான்.

நான் ரங்கூன் பயின்னவுங் மொத்தச் சந்தையில் ஒரு பருப்புக் கடையில் கணக்கு எழுதுகிறவள். உளுந்தும் பாசிப்பயறும் துவரையும் எங்கள் தராசில் ஏறி இறங்கித்தான் இந்தியாவுக்குக் கப்பல் ஏறும். நாள் முழுக்க எடைக்கு என்ன விலை என்று பார்த்துவிட்டு, ராத்திரி ஸ்கைரிமிலும் அதையே பார்க்கிறேன். இரண்டு தடவை கதையை முடித்தாயிற்று, மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கிறது. அவனுக்குப் போனில் சொன்னதை, புதிதாக ஆரம்பிக்கிற மற்றவர்களுக்கும் ஆகட்டுமே என்று எழுதுகிறேன். முதல் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு இது போதும்.

முதலில் கரண்ட் விஷயம். புது கம்ப்யூட்டர் வாங்கப் போகாதீர்கள். 2011 நவம்பரில் வந்த பழைய பதிப்புக்கு 2 ஜிபி ரேமும் 6 ஜிபி இடமும் இருந்தாலே ஓடும். 2016இல் வந்த ஸ்பெஷல் எடிஷன் பார்க்க அழகு, ஆனால் என் பழைய லேப்டாப் அதற்கு மூச்சு வாங்குகிறது. ஒரு தடவை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலே ஆடலாம், நமக்கு அதுதான் வரம். ஒரு கோடையில் எங்கள் தெருவில் நாலு மணி நேரம் கரண்ட், நாலு மணி நேரம் இருட்டு. பேட்டரி செத்த லேப்டாப்பில் ஆடிக்கொண்டிருந்தேன். சேவ் ஆகிற அதே நொடியில் கரண்ட் போய், அந்த ஃபைலே திறக்காமல் போயிற்று. ஒரு ராத்திரி உழைப்பு. அதற்குப் பிறகு இரண்டு பழக்கம் வைத்திருக்கிறேன். எஃப்5 அழுத்துகிற அவசர சேவை மட்டும் நம்புவதில்லை. அரை மணிக்கு ஒரு முறை மெனுவுக்குள் போய்ப் புதிதாக ஒரு சேவ் போடுவேன், பழையதன் மேலேயே எழுத மாட்டேன். செட்டிங்ஸில் தூங்கும்போதும் பயணம் போகும்போதும் தானாகச் சேவ் ஆகிற இடங்களையும் திறந்து வைத்திருக்கிறேன்.

கதை கைகட்டின வண்டியில் தொடங்குகிறது. நீங்கள் கைதி. எல்லை தாண்டும்போது அரசுப் படையிடம் மாட்டினீர்கள் என்பதற்கு மேல் யாரும் சொல்ல மாட்டார்கள். ஹெல்கென் என்ற ஊரில் தலையை வெட்டப் போகிற நேரம் பார்த்து ஆல்டுயின் என்ற கறுப்பு டிராகன் வந்து ஊரையே கொளுத்துகிறது. அந்தக் களேபரத்தில் அரசுப் படைக்காரன் ஹாட்வார் பின்னால் போவதா, கலகக்காரன் ராலோஃப் பின்னால் போவதா என்று கேட்கும். அங்கே நின்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். யாரோடு போனாலும் ரிவர்வுட் கிராமத்துக்குத்தான் போய்ச் சேருவீர்கள், ஒருவனோடு போனதால் அவன் கட்சியில் சேர்ந்ததாக ஆகாது. போகிற வழியில் மூன்று நடுகற்கள் நிற்கும்: வீரன், மந்திரவாதி, திருடன். எதைத் தொடுகிறீர்களோ அந்த வகை வித்தைகள் 20 சதவீதம் வேகமாகக் கைவரும். பிறகு திரும்பி வந்து மாற்றிக்கொள்ளலாம்.

இனி மூட்டைக்கு வருவோம். ஆரம்பத்தில் 300 எடை தூக்கலாம். அது கிலோவா, நம் வீசையா என்று கேம் சொல்வதில்லை. ஒன்று கூடினாலும் ஓட முடியாது, வரைபடத்தில் அழுத்தி ஊர்விட்டு ஊர் தாவவும் முடியாது. பையில் ஒவ்வொரு சாமான் பக்கத்திலும் எடையும் மதிப்பும் எழுதியிருக்கும். மதிப்பை எடையால் வகுங்கள். இரும்புக் கவசத்தின் மதிப்பு 125, எடை 30. ஒரு எடைக்கு நாலு சொச்சம். போர்ச்சுத்தி 60க்கு 24, அது இரண்டரைதான். தங்க மோதிரம் 75, எடை கால். அதாவது ஒரு எடைக்கு 300. செவ்வந்திக்கல் 120, எடை பத்தில் ஒரு பங்கு. என் கணக்கில் ஒரு எடைக்குப் பத்துக்குக் கீழே வந்தால் தரையிலேயே கிடக்கட்டும். காசுக்கும் அம்புக்கும் பூட்டுத் திறக்கும் கம்பிக்கும் எடையே கிடையாது, அவற்றை விடாதீர்கள்.

இன்னொன்று. அந்த மதிப்பு அப்படியே கைக்கு வராது. பேச்சுத்திறன் வளராத ஆளுக்குக் கடைக்காரர்கள் மூன்றில் ஒரு பங்குதான் தருவார்கள். எங்கள் சந்தைத் தரகர்களே தேவலாம். கடைக்காரரிடமும் அளவான பணம்தான் இருக்கும். தீர்ந்தால் கேமுக்குள் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். ஆகவே ஐந்து கவசத்தை மூச்சு வாங்கச் சுமந்து போய் விற்கிறவன், ஒன்பது மோதிரம் கொண்டுபோனவனைவிடக் குறைவாகத்தான் சம்பாதிப்பான்.

ஆள் வளர்கிற விதம் பலருக்குப் பிடிபடுவதில்லை. மொத்தம் 18 வித்தைகள். வாள் வீசினால் வாள் வளரும், பதுங்கினால் பதுங்கல் வளரும். எது வளர்ந்தாலும் ஆளின் லெவல் ஏறும். நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். முதல் ஆட்டத்தில் ரிவர்வுட் கொல்லன் பட்டறையிலேயே உட்கார்ந்து இருநூறு இரும்புக் குத்துவாள் செய்தேன். லெவல் கிடுகிடுவென்று ஏறிற்று, எனக்குத் தாங்க முடியாத பெருமை. வெளியே கால் வைத்தால் எதிரிகளும் என் லெவலுக்கு ஏறி நிற்கிறார்கள். எனக்கோ வாளைப் பிடிக்கவே தெரியாது. கிடங்கு நிறையச் சரக்கு, கல்லாவில் காசில்லை என்கிற நிலைமை. ஒரு கரடி என்னை ஏழு தடவை கொன்றது. அதனால் சண்டைக்கான ஒரு வித்தையும் காப்புக்கான ஒரு வித்தையும் முன்னால் போகட்டும், கைத்தொழில் அவற்றின் பின்னால் மெல்ல வரட்டும். லெவல் ஏறும்போது உயிர், மந்திரம், தெம்பு மூன்றில் ஒன்றுக்கு 10 கூட்டலாம். தெம்புக்குப் போட்டால் கூடவே 5 எடை அதிகம் தூக்கலாம். நான் இரண்டு தடவை உயிருக்கு, ஒரு தடவை தெம்புக்கு என்று போடுகிறேன்.

சமையலை யாரும் மதிப்பதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. முட்டைக்கோஸ், லீக்ஸ், உருளைக்கிழங்கு, தக்காளி நாலிலும் ஒவ்வொன்று அடுப்பில் போட்டால் காய்கறி சூப். குடித்தால் 720 வினாடிக்கு, வினாடிக்கு ஒரு புள்ளி வீதம் உயிரும் தெம்பும் ஊறும். கொஞ்சமே கொஞ்சம் தெம்பு இருந்தாலும் ஓங்கி அடிக்க இந்த கேம் விடும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: பன்னிரண்டு நிமிடம் ஓயாமல் ஓங்கி அடிக்கலாம். பருப்பு இல்லாத சாம்பார்தான், ஆனால் எந்த மந்திர மருந்தும் இதற்கு ஈடில்லை. ஒயிட்ரன் நகரச் சுற்றுவட்டார வயல்களில் காய் பறிக்கலாம். தக்காளியைப் பீப்பாய்களிலும் கடைகளிலும் தேடுங்கள். எழுத்து சிவப்பாக வந்தால் அது பிறர் சொத்து, கை வைத்தால் திருட்டு. காயத்துக்கு நீல மலைப்பூவும் கோதுமையும் கலந்த மருந்து போதும். ரிவர்வுட் விடுதியிலேயே அதற்கு மேசை இருக்கிறது.

முதல் பெரிய வேட்டை ப்ளீக் ஃபால்ஸ் பாரோ என்ற பழைய கல்லறை. போகும் முன் ரிவர்வுட் கடைக்காரர் லூக்கனிடம் பேசுங்கள், தங்க நகம் ஒன்று திருட்டுப் போனதாகச் சொல்வார். கல்லறைக்குள் முதலில் மூன்று தூண்கள் வரும், இந்தப் படங்கள் வரிசையாகத் தெரியத் திருப்புங்கள்: பாம்பு, பாம்பு, திமிங்கலம். சிலந்தி வலையில் சிக்கிய திருடனை அறுத்து விட்டால் நன்றிகூடச் சொல்லாமல் ஓடுவான். ஓடட்டும், உள்ளே போய்ச் சாவான், நகம் அவன் உடம்பில் கிடைக்கும். கடைசி வட்டக் கதவில்தான் எல்லோரும் நிற்பார்கள். பையில் அந்த நகத்தைத் திருப்பி உள்ளங்கையைப் பாருங்கள், கரடி, அந்துப்பூச்சி, ஆந்தை. வெளி வளையத்திலிருந்து உள்ளே அதே வரிசை. சுவரில் டிராகன் மொழிச் சொல்லைப் பார்த்து மயங்கி நிற்கும்போது பின்னால் சவப்பெட்டி வெடிக்கும், அதற்கு முன்பே சேவ் பண்ணிவிடுங்கள். அந்தப் பிணத்திடம் டிராகன் கல் இருக்கும்.

இங்கே கொஞ்சம் நிதானம். கல்லை ஒயிட்ரன் அரண்மனையில் மந்திரவாதி ஃபாரெங்காரிடம் கொடுத்தால் கதை பாயத் தொடங்கிவிடும். காவற்கோபுரத்தில் டிராகனைக் கொல்வீர்கள், அதன் ஆன்மா உங்களுக்குள் வரும், மலை உச்சியிலிருந்து நரைத்தாடித் துறவிகள் கூப்பிடுவார்கள். அதன் பிறகு நாடெங்கும் டிராகன்கள் பறக்கும், மூலிகை பறிக்கக் குனிந்தால்கூடத் தலைக்கு மேல் நிழல் விழும். கல்லைக் கொடுக்காமல் வைத்திருக்கும்வரை வானம் காலி. என் மூன்றாவது ஆட்டத்தில் இருபது மணி நேரம் அப்படியே சுற்றினேன். நஷ்டமும் உண்டு: சத்தம் போட்டே எதிரியைத் தூக்கி எறிகிற சொல்மந்திரம் வராது, மூட்டை தூக்க லிடியா என்ற துணையாளும் வர மாட்டாள். துறவிகளின் மலைக்குப் போகும்போது வழியில் பனிப்பூதம் ஒன்று நிற்கும். எல்லோருக்கும் முதலிலிருந்தே தெரிந்த நெருப்பு மந்திரம் ஒன்று இருக்கிறதே, அதுதான் அதற்கு எமன்.

இந்தக் கதைக்குள் ஓர் உள்நாட்டுப் போரும் ஓடுகிறது. அரசுப் படைத் தளபதி டல்லியஸ் ஒரு பக்கம், கலகக்காரர்களின் தலைவன் உல்ஃப்ரிக் ஒரு பக்கம். நான் மூன்று ஆட்டத்திலும் எந்தப் பக்கமும் சேரவில்லை. ஏன் என்று இந்த ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேராமல் விட்டால் கதையில் பிற்பாடு ஒரு கட்டம் வரும்: டிராகனைப் பொறிவைத்துப் பிடிக்க வேண்டும், அதற்குப் போர் நிற்க வேண்டும். இரண்டு தரப்பையும் துறவிகளின் மலையில் ஒரே மேசையில் உட்காரவைத்து, எந்த ஊர் யாருக்கு என்று நீங்கள் பேரம் பேசுவீர்கள். வாள் கிடையாது, வாய்தான். முழு கேமிலும் எனக்குப் பிடித்த அரை மணி நேரம் அது.

அக்கா மகன் கவசங்களை விற்றுவிட்டான், சூப்பும் வைக்கிறான். போன ஞாயிறு மறுபடி போன். வாளிகளையும் போட்டுவிட்டாயா என்றேன். "பத்தைப் போட்டுட்டேன் சித்தி, ஒண்ணு வேணும்" என்றான். கடைக்காரர் தலையில் வாளியைக் கவிழ்த்துவிட்டால் அவருக்குக் கண் தெரியாது, கடையையே வழித்து எடுக்கலாமாம். லூக்கன் கடையில் அன்று ராத்திரியே செய்து பார்த்தேன். நிஜம்தான்.