கூட்டோடு சேர்த்து வலை அடிக்காதீர்கள்: வீட்டுப் பறவைத் தொல்லையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் பறவை நுழையாமல் வலை கட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. ஏர்கான் லெட்ஜ் (ஏர்கானின் வெளிப்பெட்டியான கம்ப்ரெசரை வைக்கும் வெளிச்சுவர்த் திட்டு), சமையலறை ஜன்னல், துணி காயப்போடும் பக்கம், எங்கே புறா ஏறுகிறதோ அங்கே நானும் போவேன். இப்போது இந்த வேலைக்குப் புது ஆட்கள் நிறைய வருகிறார்கள், வீட்டுக்காரர்களும் ஆன்லைனில் வலை வாங்கித் தாங்களே கட்டிப் பார்க்கிறார்கள். தப்பில்லை. ஆனால் நாங்கள் தொழில் பழகிய காலத்தில் செய்த அதே கோளாறுகளை, வரிசைகூட மாறாமல், இவர்களும் செய்வதைப் பார்த்தால் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ரொட்டி வீசாதே, குப்பைப் பையைக் காரிடாரில் வைக்காதே என்பதையெல்லாம் நகர மன்றமே லிஃப்ட் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கும், அதைத் திரும்ப எழுதப் போவதில்லை.

பிளாஸ்டிக் ஆந்தை

புறாவைப் பயமுறுத்தும் என்று விற்கிறார்கள், வாங்காதீர்கள். கொஞ்ச நாளில் புறா அதன் தலையிலேயே உட்கார்ந்து இறகு கோதும்.

அல்ட்ராசோனிக் பெட்டி

இதன் ஒலி மனிதருக்குக் கேட்காது, பறவைக்கு மட்டும் கேட்டு அதை விரட்டும் என்று சொல்லி விற்கிறார்கள். உண்மை தலைகீழ். நல்ல காதுள்ள ஆளுக்கு 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும், பெரும்பாலான பறவைகளுக்கோ 10 கிலோஹெர்ட்ஸைத் தாண்டினால் அநேகமாக ஒன்றும் கேட்பதில்லை. அந்தப் பெட்டி எவ்வளவு கத்தினாலும் புறாவுக்குக் கவலையே இல்லை, பக்கத்து வீட்டு நாய்தான் பாவம்.

கூடு காலியா என்று பார்க்காமல் அடைப்பது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செங்காங்கில் ஓர் அக்கா கூப்பிட்டார். "தம்பி, ரூம்ல எலி செத்துக் கிடக்குது போல, எங்கன்னே தெரியல. கட்டிலெல்லாம் நகர்த்திப் பார்த்துட்டோம்." எலி பிடிக்கிறவனை விட்டுவிட்டு என்னை எதற்குக் கூப்பிடுகிறார் என்று கேட்டால், போன வாரம்தான் லெட்ஜில் வேறு யாரோ வந்து வலை கட்டிவிட்டுப் போனார்களாம், அந்தப் பக்கமிருந்து நாற்றம் வருகிற மாதிரி இருக்கிறதாம். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

போய்ப் பார்த்தால் வலை அழகாகத்தான் இருந்தது, இழுத்துக் கட்டியதில் ஒரு குறை சொல்ல முடியாது. கம்ப்ரெசருக்கும் சுவருக்கும் இடையில் போனை நீட்டிப் படம் எடுத்தேன். சாத்தே குச்சி, வெட்டிப்போட்ட கேபிள் டை, ஏதோ ஒயர் துண்டு, இவற்றையெல்லாம் சேர்த்துப் பேருக்கு ஒரு கூடு, அதில் மஞ்சள் மயிர்கூட இன்னும் உதிராத இரண்டு குஞ்சுகள், செத்து ஊதிப்போய். தாயும் தகப்பனும் வலைக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கின. நாற்றம் ஏர்கான் குழாய் சுவருக்குள் நுழையும் ஓட்டை வழியாக நேரே படுக்கையறைக்குள் வந்துகொண்டிருந்தது. அதோடு விட்டதா? சூடான உடம்பு கிடைக்காமல் போனதும் கூட்டிலிருந்த செள் (பறவையின் இரத்தத்தை உறிஞ்சும் பொடிப் பூச்சி) அதே ஓட்டை வழியாக வீட்டுக்குள் இறங்கி, திரைச்சீலை, மெத்தை என்று ஏறிவிட்டது. அக்காவின் பையனுக்குக் கையெல்லாம் தடிப்பு. கொசுக்கடி என்று நினைத்து களிம்பு தடவிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் என்ன, வலையை அறுத்தாயிற்று, கம்ப்ரெசரை நகர்த்த ஏர்கான் ஆள் வந்தார், செள்ளுக்கு மருந்தடிக்கப் பூச்சிக்காரர் வந்தார், வலையை மறுபடி நான் கட்டினேன். ஒரு வேலைக்கு நாலு பில். முதலில் கட்டிய ஆள் அரைமணி நேரம் செலவழித்துக் கூட்டுக்குள் பார்த்திருந்தால் இதில் ஒன்றுமே இல்லை. "புறாதானே அண்ணே" என்கிறார்கள். புறாவும் வனவிலங்குச் சட்டத்துக்குள் வருகிறது, அனுமதியில்லாமல் பொறியில் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். சட்டத்தை விடுங்கள், உயிரோடு இருக்கிற ஒன்றை உள்ளே வைத்துச் சுவர் எழுப்புகிற வேலைக்கு மனம் எப்படி வருகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

பார்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை. செல்ஃபி குச்சியில் போனை மாட்டி, வீடியோவை ஓடவிட்டு, ஜன்னலுக்கு உள்ளே நின்றபடியே கம்ப்ரெசர் பின்னால் நீட்டுங்கள் (போனைக் கயிற்றால் கட்டிக்கொள்ளுங்கள், பன்னிரண்டாவது மாடியிலிருந்து போன் விழுந்தால் கீழே போகிறவர் தலை என்னாவது). படம் தெளிவாக வரவில்லை என்றால் பறவையைக் கவனியுங்கள். புறாக்கள் ஷிஃப்ட் போட்டு அடைகாக்கும், காலையில் கொஞ்ச நேரம் கழித்து ஆண் வந்து உட்கார்ந்து மத்தியானம் தாண்டும்வரை இருக்கும், மற்ற நேரமும் ராத்திரி முழுக்கவும் பெண். ஆக, உச்சி வெயிலில் ஒரு புறா பக்கத்தில் கை தட்டினாலும் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அதற்குக் கீழே முட்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய கீச்சுச் சத்தம் விட்டு விட்டுக் கேட்டால், குஞ்சு.

கணக்கு இதுதான். பெரும்பாலும் இரண்டு முட்டை, பொரிய ஏறக்குறைய 18 நாள், குஞ்சு பறக்க அதற்குமேல் ஒரு மாதம் அல்லது சற்றுக் கூட. நம் ஊரில் குளிர்காலம் கிடையாது, அதனால் வருடம் முழுக்க முட்டையிடும். இதில் ஒரு வில்லங்கம்: முதல் குஞ்சுகள் பறப்பதற்கு முன்பே பெண் புறா பக்கத்திலேயே அடுத்த முட்டைகளை வைத்துவிடும். "சரி, இந்தக் குஞ்சு போகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சும்மா இருந்தால் வருடம் பூரா அப்புறம்தான். குஞ்சுகள் பெரிதாகி, லெட்ஜ் விளிம்பில் நின்று இறக்கை அடித்துப் பழக ஆரம்பித்ததும் தினம் பார்க்க வேண்டும். இரண்டும் பறந்து, புது முட்டையும் இல்லை என்று தெரிந்த அன்றே கூட்டை எடுத்துக் கழுவி வலையைக் கட்டிவிட வேண்டும். முட்டை ஏற்கெனவே இருக்கிறது, காத்திருக்க வழியில்லை என்றால் வனவிலங்கு விவகாரத்தைப் பார்க்கும் தேசியப் பூங்காக் கழகத்தைக் கேட்டுவிட்டுக் கை வையுங்கள். வெறும் குச்சி மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், இன்றே எடுங்கள், நாளைக்குத் திரும்பக் கொண்டுவரும், நாளைக்கும் எடுங்கள். புறாவுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி.

இன்னொன்று. வலையில் ஏர்கான் ஆள் உள்ளே போக ஒரு வாசல் விடுங்கள், கொக்கியோ ஜிப்போ எதுவானாலும். விடாவிட்டால் அடுத்த சர்வீஸுக்கு வருகிறவர் கத்தியால் கிழித்துவிட்டு, போகும்போது ராஃபியா கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுப் போவார். அந்த இடைவெளியைப் புறா கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகாது.

லெட்ஜில் ஏறி நிற்பது

கூடாது. கம்ப்ரெசரைத் தாங்கத்தான் அது.

வலைக்கண் அளவு

புறாவுக்கு 50 மில்லிமீட்டர் கண் போதும். மைனாவுக்கு அது வாசற்கதவு, 28 மில்லிமீட்டர் வேண்டும். விலை குறைவு என்று பெரிய கண் வலையைக் கட்டி, புறா போன இடத்தில் மைனா குடிவந்து, "உங்க வலை சரியில்ல" என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. எந்தப் பறவை என்று முதலில் பாருங்கள். நம் புளோக்குகளைச் சுற்றி அதிகம் திரிவது ஜாவா மைனா, கருஞ்சாம்பல் உடம்பு, மஞ்சள் அலகு, நெற்றியில் சின்னக் கொண்டை. (வேடிக்கை என்னவென்றால் அதன் சொந்த ஊரான ஜாவாவில் கூண்டில் வளர்க்கப் பிடித்துப் பிடித்தே அதை அருகவைத்துவிட்டார்கள், இங்கே நாம் அதை விரட்டக் காசு கொடுக்கிறோம்.) பேட்மிண்டன் வலை, மீன் வலை எல்லாம் வேண்டாம். வெயில் தாங்காது, தொய்ந்த இடத்தில் பறவை கால் சிக்கித் தொங்கும். கொண்டோ (தனியார் அடுக்குமாடி) என்றால் கட்டுவதற்கு முன் நிர்வாக அலுவலகத்தில் கேளுங்கள், வலையின் நிறத்துக்குக்கூட விதி வைத்திருப்பார்கள்.

முள் பட்டை

பறவையை உட்கார விடாத இந்தக் கம்பி முள் வரிசை, ஜன்னல் விளிம்பு மாதிரி ஒடுக்கமான இடத்தில் வேலை செய்யும். அகலமான லெட்ஜில் போட்டால், கொண்டுவரும் குச்சி காற்றில் பறக்காமல் இருக்க நீங்களே பிடிமானம் வைத்துக் கொடுத்த மாதிரி.

பசை, நாப்தலின் உருண்டை, எலி மருந்து

மூன்றும் வேண்டாம். பசையில் முதலில் மாட்டுவது புறா இல்லை, தேன்சிட்டு.

காக்காவுக்குச் சோறு

இதைச் சொன்னால் பெரியவர்களுக்குக் கோபம் வரும், சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அமாவாசை, சனிக்கிழமை, திதி என்று ஜன்னல் விளிம்பில் ஒரு கவளம் வைக்கிறோம். காக்காவும் நம்மவர்தான், 1890களில் மலேசியாவின் கிள்ளான் பக்கம் காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்ன இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டது, நம் ஆட்கள் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த அதே காலம். ஆனால் அந்தக் கவளத்துக்குக் காக்கா மட்டுமா வருகிறது? பத்து நிமிடத்தில் மைனா, அரைமணியில் புறா, மறுநாளிலிருந்து நேரம் தவறாமல் அத்தனையும். அனுமதியில்லாமல் பறவைக்கு உணவு வைத்தால் முதல் முறை 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், திரும்பச் செய்தால் 10,000 வரை. நான் போகிற வீடுகளில் சில பாட்டிமார் சோற்றைக் கிண்ணத்தில் வைத்துக் காட்டிவிட்டு உள்ளே எடுத்துக்கொள்கிறார்கள். முன்னோர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. காரிடாரில் பூனைக்கு வைக்கும் பிஸ்கட்டும் இந்தக் கணக்கில்தான் சேரும், பூனை தின்றது போக மிச்சம் மைனாவுக்கு.

கொத்த வரும் காக்கா

கையை வீசாதீர்கள், ஓடாதீர்கள். பக்கத்து மரத்தில் குஞ்சு இருக்கிறது, குடையை விரித்துக்கொண்டு நடந்து போங்கள், முடிந்தால் சில வாரம் வேறு வழி. கூட்டை நீங்களாகக் கலைக்கப் போகாமல் ஒன்சர்வீஸ் என்ற அரசாங்கப் புகார்ச் செயலியில் மரம் எங்கே என்று படத்தோடு போட்டுவிடுங்கள்.

குயில்

விடியற்காலைக் கூவலுக்கு என்னிடம் வலை இல்லை. அது முட்டையிடுவது காக்காக் கூட்டில், ஆகவே மேலே சொன்ன புகாரைக் கொடுத்தால் இதுவும் கொஞ்சம் குறையலாம்.

எச்சத்தை உலர்ந்தபடியே கூட்டுவது

காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டினால் தூள் பறந்து மூக்குக்குள் போகும், அந்தத் தூளில் நுரையீரலைப் பிடிக்கிற பூஞ்சைகளும் கிருமிகளும் இருக்கலாம். வீட்டில் ஆஸ்துமாக்காரர், வயதானவர் இருந்தால் இன்னும் கவனம். என்95 முகக்கவசம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் கொஞ்சம் பிளீச் கலந்து, தெளித்து, நன்றாக ஊறியபின் சுரண்டி எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். கம்ப்ரெசர் மேல் பிளீச் படவேண்டாம், அதை ஏர்கான் ஆளிடம் விடுங்கள். ஹோஸ் பிடித்து மொத்தத்தையும் வெளியே தள்ளுகிற ஆட்களும் உண்டு. கீழ் வீட்டில் மூங்கில் கழியில் அப்போதுதான் துவைத்த பள்ளிச் சீருடை தொங்கும். முந்தின நாளே கீழே இறங்கிப் போய், "ஆண்ட்டி, நாளைக்குக் காலையில் லெட்ஜ் கழுவுறோம், துணி போடாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஹோஸுக்குப் பதில் பழைய துணியையும் வாளியையும் எடுங்கள்.