ஜாமீன் கையெழுத்து இருக்கிறது, வழக்கு நிற்குமா?

"கம்பெனி மூழ்கினால் என்ன, டைரக்டர் சொந்த ஜாமீன் போட்டிருக்கிறாரே" என்ற தைரியத்தில் கடன் கொடுப்பவர்கள் நிறையப் பேர். அந்த ஜாமீன் பத்திரத்தைக் கடன் கொடுக்கும் அன்று யாரும் முழுசாகப் படிப்பதில்லை. வழக்கு போடும் அன்றுதான் படிக்கிறார்கள்.

கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள். கையெழுத்துக்கு மேலே, பழக்க தோஷத்தில், கம்பெனியின் ரப்பர் ஸ்டாம்ப்: இன்ன பிரைவேட் லிமிடெட்டுக்காக, டைரக்டர். கடன் ஒப்பந்தத்தில் அது இருக்க வேண்டியதுதான். ஜாமீன் பத்திரத்தில் இருந்தால், "கம்பெனி சார்பில்தான் போட்டேன், என் சொந்தப் பொறுப்பில் இல்லை" என்று வாதாட இடம் கிடைத்துவிடும். கம்பெனி தன் கடனுக்குத் தானே ஜாமீன் நின்ற கதை. பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி, ஸ்டாம்ப் இல்லாத கையெழுத்து, இவை போதும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி அப்புறம் நிரப்புவதும் முத்திரைத் தீர்வையில் மிச்சம் பிடிப்பதும் வேண்டாம். தீர்வை குறைந்தால், பாக்கியோடு பத்து மடங்கு அபராதமும் கட்டிய பிறகே பத்திரம் சாட்சியமாக ஏறும்.

கம்பெனியிடம் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் போகவேண்டும் என்று காத்திருப்பது வீண். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, பத்திரத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, இருவர் பொறுப்பும் சமம்.

அதிகம் கோட்டைவிடுவது நடுவில் செய்யும் மாற்றங்களில்தான். மாமனார் 50 லட்சத்துக்கு ஜாமீன் நிற்கிறார். அடுத்த வருடம் வட்டியையும் தவணையையும் மாற்றி, டைரக்டரான மருமகனிடம் மட்டும் கையெழுத்து வாங்குகிறீர்கள். 133ஆம் பிரிவு: தன் சம்மதம் இல்லாத மாற்றத்துக்குப் பின் நடந்த வரவு செலவுக்கு மாமனார் பொறுப்பில்லை. சும்மா பொறுத்துப் போனால் ஜாமீன் போகாது (137). கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுக் கெடு நீட்டினால் போகும் (135). அடமானத்தில் இருந்த 12 லட்ச ரூபாய் இயந்திரத்தை அவரைக் கேட்காமல் விடுவித்தால், அவர் பொறுப்பில் அந்த 12 லட்சம் கழியும் (141). வங்கிப் படிவங்களில் இந்த உரிமைகளை விட்டுக்கொடுக்கும் வாசகம் இருக்கும். ஒரு பக்கக் கடிதத்தை நம்பிக் கடன் கொடுப்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

வழக்கு போடக் காலக்கெடு 3 வருடம். "கேட்டவுடன் தருகிறேன்" என்று எழுதிய ஜாமீனில், கேட்டும் தராதபோதுதான் கெடு ஓடத் தொடங்கும் என்று 2006இல் சன்னவீரப்பா பெலேரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை நம்பி ஆறப்போட்டுவிடாதீர்கள். நீங்கள் கேட்கும் நாளில் கம்பெனி மீதான கடன் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. அப்புறம், நோட்டீஸைப் பூட்டிக் கிடக்கும் தொழிற்சாலைக்கு மட்டும் அனுப்பாதீர்கள், ஜாமீன்தாரரின் வீட்டுக்கும் அனுப்புங்கள்.

எந்த நீதிமன்றம்? வங்கிக்கு 20 லட்சமும் அதற்கு மேலும் என்றால் கடன் வசூல் தீர்ப்பாயம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. தனியார் கடன் கொடுத்தவருக்கு அங்கே இடமில்லை, சிவில் நீதிமன்றம்தான். வணிக வழக்காக இருந்து, அவசர இடைக்கால நிவாரணம் எதுவும் கேட்காவிட்டால், முதலில் சமரசத்துக்கு விண்ணப்பித்தே தீரவேண்டும். அதை விட்டுவிட்டுப் போட்ட மனு நிராகரிக்கப்படும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

திவால் சட்டத்தின் தனிநபர் ஜாமீன்தாரர் பகுதி 2019 டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. இதில் ஒரு வினோதம்: ஜாமீன்தாரரே 94ஆம் பிரிவில் மனு போடலாம். அமலுக்கு வந்தபோதிருந்த விதிப்படி, போட்ட நாளிலிருந்து அவர் கடன்கள் மீதான வழக்குகள் எல்லாம் அப்படியே நின்றன. ஆகவே வழக்கு போட்டாயிற்று என்று அசந்து இருக்க முடியாது.

கம்பெனியின் தீர்வுத் திட்டம் (திவால் நடவடிக்கையில் கடன் கொடுத்தவர்கள் ஓட்டுப் போட்டு ஏற்கும் ஏற்பாடு) நிறைவேறிவிட்டது, இனி ஜாமீன்தாரரிடம் எதுவும் கேட்க முடியாது என்று ஃபைலை மூடிவிடுகிறவர்களும் உண்டு. தேவையில்லை. திட்டம் ஒப்புதல் பெற்றதாலேயே ஜாமீன் ரத்தாகாது என்பது 2021 மே மாதம் லலித் குமார் ஜெயின் வழக்கில் வந்த தீர்ப்பு. ஆனால் திட்டத்துக்குள்ளேயே "ஜாமீன்கள் கைவிடப்படுகின்றன" என்று ஒரு வரி ஒளிந்திருக்கலாம். அதற்கு நீங்களே ஆதரவாக ஓட்டுப் போட்டிருந்தால், அப்புறம் எந்த வக்கீலைப் பார்த்தும் பிரயோஜனமில்லை.