பகிடி இதழ் தொடங்குமுன்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

திருகோணமலையில் பகிடி இல்லாத தேத்தண்ணிக் கடை கிடையாது. ஆனால் அந்தப் பகிடியை அச்சில் கொண்டுவர யாராவது சஞ்சிகை தொடங்கினால், மூன்றாவது இதழோடு மூச்சு நின்றுவிடும். ஏனென்று கேட்டால் காசு இல்லை என்பார்கள், எழுத ஆளில்லை என்பார்கள். இரண்டும் பொய்யில்லை. ஆனால் காசும் ஆளும் போதாமல் போவதற்கு முன்பே ஒரு பிழை நடந்திருக்கும். சின்ன ஊரின் சின்ன இதழ், வேறு எங்கேயோ வருகிற பெரிய இதழாக நடிக்கத் தொடங்கியிருக்கும். பகிடி வெளியூர்ப் பகிடி, பேச்சு வெளியூர்ப் பேச்சு, வெளியீட்டு விழா மட்டும் மந்திரி வீட்டுக் கலியாணம் மாதிரி. கீழே வருகிற தவறுகளில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வருகின்றன.

வாட்ஸ்அப் பகிடியை அச்சுக்குக் கொண்டுபோவது

முதல் இதழுக்கு ஆக்கம் கேட்டுப் பாருங்கள். மாமியார் மருமகள், டொக்டர் நோயாளி, வாத்தியார் மாணவன் என்று வந்து குவியும். எல்லாம் குழுக்களில் நாலு தரம் சுற்றி வந்தவை. காலையில் கைபேசியில் சும்மா கிடைத்ததை மாலையில் காசு கொடுத்து வாங்கிப் படிக்க யாரும் தயாரில்லை.

2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது நாடு முழுக்க ஒரே பகிடிகள்தான் ஓடின. அவற்றைக் கொழும்பிலும் சொல்லலாம், யாழ்ப்பாணத்திலும் சொல்லலாம். எங்கள் ஊரில் மட்டும் சொல்லக்கூடியது ஒன்று இருந்தது. பிரித்தானியர் கட்டிவிட்டுப்போன 99 எண்ணெய்த் தாங்கிகளைச் சீனன்குடாக் காட்டுக்குள் வைத்துக்கொண்டு, இரண்டு லீற்றர் பெற்றோலுக்கு விடிய விடிய நின்ற ஊர் இது. தாங்கிகளின் தொகையையும் கையிலிருந்த கானின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுப் பேனையை மூடிவிடலாம். அதற்கு மேல் ஒரு வரி எழுதினால் கெட்டுப்போகும்.

இன்னொன்று, காலாண்டு இதழ் நடத்துகிறவர் அன்றைய செய்தியைப் பகிடி பண்ணக்கூடாது. இதழ் கடைக்கு வரும்போது அந்த அமைச்சரே மாறியிருப்பார்.

ஊற்று வரும் என்று காத்திருப்பது

தானாக வருகிற ஊற்று எங்கள் ஊர்ப் பக்கத்துக் கன்னியா வெந்நீரூற்றில்தான் இருக்கிறது. எழுத உட்காருகிறவருக்கு அப்படி ஒன்றும் வராது. வெறும் தாளோடு உட்கார்ந்து நகைச்சுவையாக யோசிக்க முயன்றால் வருவது முன்பு எங்கோ படித்ததுதான்.

கண்ணுக்கு முன்னால் கிடப்பதை எடுத்து வைக்கிற பழக்கம் வேண்டும். கோயில் ஒலிபெருக்கியில் பூசைக்கு நடுவே வருகிற அறிவித்தல்கள், கந்தோர்ச் சுவரில் ஒட்டியிருக்கும் கட்டளைகள், பஸ் கண்ணாடியில் எழுதியிருப்பவை, பழைய மாணவர் சங்கத்தின் கூட்ட அறிக்கைகள், மூன்று பட்டமும் நாலு பதவியும் போட்ட அழைப்பிதழ்கள். இவற்றை அன்றைக்கே, அந்தச் சொற்களோடேயே எழுதி வையுங்கள். அடுத்த நாள் எழுதினால் நீங்கள் அறியாமலே திருத்தி அழகாக்கிவிடுவீர்கள். அழகாக்கிய அறிவித்தலில் சிரிப்பு இருக்காது.

இப்படிச் சேர்த்தவைதான் பிறகு கைகொடுக்கும். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. இந்த ஒரு தகவலோடு, சங்கக் கூட்ட அறிக்கை எப்படி எழுதப்படும் என்று தெரிந்திருந்தால் இப்படி ஒன்று வரும்:

"தலைவர் பதவிக்கு மூன்றாம் கிணற்றின் பெயரை ஐந்தாம் கிணறு முன்மொழிய, ஏழாம் கிணறு வழிமொழிந்தது. சூடு போதாது என நான்காம் கிணறு ஆட்சேபித்தது. கணக்கறிக்கை நனைந்துவிட்டதாகப் பொருளாளர் தெரிவித்ததைச் சபை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது."

இதில் ஆச்சரியக்குறி இல்லை, கண்சிமிட்டல் இல்லை. அறிக்கையின் முகம் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறதோ அவ்வளவுக்குச் சிரிப்பு வரும். புதிதாக எழுதுகிறவர்கள் இதைச் செய்யும்போது இடையில் புகுந்து தாங்களும் ஒரு பகிடி விடுவார்கள். அந்த இடத்திலேயே அறிக்கை உடைந்துவிடும்.

சிரிக்கச் சொல்லிக் கட்டளையிடுவது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். ஆக்கங்களைத் திருத்தும்போது நேரம் போவது இங்கேதான்.

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்றிக் கோட்டைக்குள் மான்கள் நிற்பது எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றி இப்படி ஓர் ஆக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"எங்கள் ஊர் மான்கள் மிகவும் குறும்புத்தனமானவை. ஒருநாள் அர்ச்சனைத் தட்டுடன் சென்ற ஓர் அம்மாவின் தட்டிலிருந்த வாழைப்பழத்தை ஒரு மான் கபக்கென்று தின்றுவிட்டது. இதைக் கண்ட அனைவரும் விழுந்து விழுந்து சிரித்தனர். அந்த அம்மா ஐயரிடம் முறையிட்டபோது, 'சிவனின் கையிலும் மான்தானே இருக்கிறது, ஆகவே பழம் அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது, ரிக்கற்றைத் தாருங்கள்' என்று ஐயர் நகைச்சுவையாகக் கூறினார்."

நல்ல சரக்கு. ஆனால் குறும்புத்தனம் என்று முதல் வரியிலேயே முடிவைச் சொல்லியாயிற்று. விழுந்து விழுந்து சிரித்தவர்கள் வாசகருக்கு முன்பே சிரித்து முடித்துவிட்டார்கள். நகைச்சுவையாகக் கூறினார் என்பது, இப்போது நீங்கள் சிரிக்கவேண்டும் என்கிற உத்தரவு. மூன்றையும் எடுத்துவிடுங்கள். கபக்கென்று போகட்டும், பேச்சு பேச்சாக வரட்டும்:

"கோட்டைக்குள் காலடி வைக்க முன்னமே அர்ச்சனைத் தட்டுப் பழத்தை மான் எடுத்துவிட்டது. பழமில்லாத தட்டை நீட்டினேன். ஐயர் கதையைக் கேட்டார். 'அவர்ரை கையில நிக்கிறதும் மான்தானே அம்மா. பழம் போய்ச் சேர்ந்திட்டுது. ரிக்கற்றைத் தாங்கோ.'"

நாலிலொன்றாவது குறைந்துவிட்டது. அதைவிட முக்கியமானது கடைசிச் சொல். தமிழில் வினை கடைசியில் வந்து உட்காரும் என்பதால், "என்று கூறினார்", "என்றாராம்" போன்றவை பகிடியின் வாலில் வந்து ஒட்டிக்கொள்ளும். வாசகர் சிரிக்க வாய் திறக்கும்போது ஒரு "கூறினார்" குறுக்கே வந்து நிற்கும். யார் பேசுகிறார் என்பதை முன்னுக்கே சொல்லிவிட்டு, பேச்சோடு வசனத்தை முடித்துவிடுங்கள். தமிழில் பகிடி எழுதுகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள ஒரு விதியை நான் இன்னும் காணவில்லை.

சித்திரத்துக்கும் இதே கதைதான். படத்தில் மான் பழம் தின்றுகொண்டிருந்தால், கீழே "பழம் தின்னும் மான்" என்று எழுதாதீர்கள்.

கடன் வாங்கிய வாயால் பேசவைப்பது

வருகிற ஆக்கங்களில், திருக்கடலூரில் வலை பின்னுகிற ஒருவர் சென்னைத் திரைப்பட நகைச்சுவை நடிகரின் பேச்சில் பேசுவார். உவர்மலை ஓய்வூதியக்காரர் மதுரைத் தமிழில் அலுத்துக்கொள்வார். எழுதுகிறவருக்கு அது சிரிப்பாகப் படுகிறது, அவர் சிரித்துப் பழகிய குரல் அது என்பதால். வாசகருக்கு அந்த ஆள் யாரென்றே தெரியாமல் போகிறது. மூதூர்ப் பேச்சும் தம்பலகாமத்துப் பேச்சும் நகரத்துப் பேச்சும் ஒன்றல்ல என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எழுதியதை உரத்து வாசித்து, அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கேட்க வையுங்கள். அவர் நெற்றியைச் சுருக்குகிற இடத்தில் பேனை வையுங்கள்.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று யோசிக்காதது

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் மீன் விலை பேசுகிற ஊர் இது. அடுத்தவரின் தமிழ் உச்சரிப்பைக் கேலி செய்வது மிகச் சுலபம். அதனாலேயே எல்லாரும் அதைச் செய்கிறார்கள், அதனாலேயே அது சலிக்கிறது. நம் பக்கத்து ஆளையே நடுவில் நிறுத்திப் பாருங்கள். கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போகிற ஒருவர் ஒரு கிழமையாகச் சிங்களத்தில் ஒரு வசனத்தைப் பாடமாக்குகிறார். மேசைக்கு முன்னால் நின்று மூச்சு விடாமல் ஒப்புவிக்கிறார். உத்தியோகத்தர் தலையைத் தூக்காமலே, "அண்ணே, அதுக்கு அடுத்த மேசை." இதைப் படித்து மூன்று பக்கத்தாரும் சிரிப்பார்கள், ஒருவரும் கோபிக்கமாட்டார்.

சட்டத்தையும் தெரிந்து வைத்திருக்கவேண்டும். இலங்கையில் குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டது, ஆனால் குடியியல் வழக்குப் போட்டு நட்டஈடு கேட்க இன்னும் வழி இருக்கிறது. தெருவின் பெயரையும் கடையின் நிறத்தையும் சொல்லிவிட்டு "யாரையும் குறிப்பிடவில்லை" என்று அடியில் ஒரு வரி போட்டால் தப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3ஆம் பிரிவு இன, மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்க வந்தது. மேடையில் பௌத்தம் பற்றிச் சொன்ன பகிடிக்காக ஒரு நகைச்சுவைக் கலைஞர் 2023 மே மாதம் அதன் கீழ் கைதானார், ஒரு மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்த பிறகுதான் பிணை கிடைத்தது. அது சரியா பிழையா என்பது வேறு விவாதம், எனக்கு அதில் கடுமையான கருத்து உண்டு. ஆனால் ஐந்நூறு பிரதி போடுகிற ஆசிரியருக்கு வழக்கறிஞர் கட்டணம் கட்ட வசதி இருக்காது. மதத்தை விட்டுவிட்டு, திருவிழாக் கணக்கைக் காட்டாத நிருவாகசபையைப் பிடியுங்கள். அங்கே வேண்டியமட்டும் கிடக்கிறது.

தனித்தனிப் பகிடியாக நிரப்புவது

இலங்கைத் தமிழில் நகைச்சுவை இதழ் என்றால் சிரித்திரன்தான் முதலில் நினைவுக்கு வரும். சி. சிவஞானசுந்தரம் 1960களில் தொடங்கி, தானே கேலிச்சித்திரமும் வரைந்து நடத்தினார். அதைப் படித்தவர்களிடம் கேட்டால் தனிப் பகிடிகளைச் சொல்வது குறைவு. சவாரித்தம்பர் என்ற கேலிச்சித்திரப் பாத்திரத்தைச் சொல்வார்கள், மகுடியாரின் கேள்வி பதிலைச் சொல்வார்கள். ஒரு பாத்திரத்தை வாசகர் ஒருதரம் அறிந்துகொண்டால், அடுத்த இதழில் அறிமுகத்துக்கு நாலு வரி மிச்சம். எழுதுகிறவருக்கும் வேலை குறைவு. சங்கத்தில் எல்லாப் பதவியையும் ஒரே நேரம் வகிக்கும் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரை உருவாக்கிவிட்டால், ஊரில் நடக்கிற எல்லாவற்றுக்கும் அவரை அனுப்பலாம்.

ஒருவரே அறைக்குள் இருந்து எல்லாவற்றையும் எழுதுவதும் சரிவராது. 1841இல் லண்டனில் தொடங்கிய பஞ்ச் இதழில், அந்த வார அரசியல் சித்திரம் என்ன என்பதை எழுத்தாளர்களும் ஓவியர்களும் கிழமைக்கு ஒருதரம் ஒரே மேசையில் சாப்பிட்டபடி பேசி முடிவெடுப்பார்கள். நமக்கு அந்த விருந்தெல்லாம் வேண்டாம், உட்துறைமுக வீதிப் பக்கம் நாலு பேரும் நாலு பிளேன்ரீயும் போதும். ஒருவர் சொல்வதற்கு மற்ற மூவரும் மரியாதைக்குச் சிரித்தால் அதைப் போடாதீர்கள். "இல்லையடாப்பா, எங்கட மாமா ஒருக்கா..." என்று யாராவது இடையில் தொடங்கினால் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளியீட்டு விழா

மங்கல விளக்கு, தமிழ்மொழி வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வெளியீட்டுரை, நயப்புரை, ஏற்புரை, நன்றியுரை. நகைச்சுவை இதழின் வெளியீட்டில் மூன்று மணி நேரம் ஒருவரும் சிரிக்காமல் இருந்ததைக் கண்டிருக்கிறேன். அது கூடப் பரவாயில்லை. முதற்பிரதியை ஒரு வர்த்தகர் வாங்குவார், சிறப்புப் பிரதியை ஒரு அரசியல்வாதி வாங்குவார், கடித உறை கைமாறும். அச்சுக்கூலி வந்துவிட்டது என்று மகிழ்ந்துபோவீர்கள். அடுத்த இதழுக்கு நகரசபைக் குப்பை வண்டி பற்றி அருமையான ஆக்கம் ஒன்று வரும். அப்போதுதான் உறையின் பாரம் தெரியும்.

விளம்பரம் வாங்குவதென்றால் பலரிடம் சிறிது சிறிதாக வாங்குங்கள், ஒருவரிடம் மொத்தமாக வேண்டாம். பின்னட்டையை ஒரே கடைக்கு ஒரு வருடத்துக்கு விற்றால், அந்தக் கடையின் கொத்துரொட்டி பற்றி ஒரு வருடத்துக்கு எழுதமுடியாது.

அச்சகக் கணக்கு

நடுவில் பின் அடிக்கிற இதழின் பக்கங்கள் நாலின் மடங்காகத்தான் வரும். பதினெட்டுப் பக்கத்துக்கு ஆக்கம் இருந்தால் பதினாறாகக் குறையுங்கள், இருபதாக்க வாட்ஸ்அப்பைத் திறக்காதீர்கள். ஓப்செற்றில் பிளேற் செலவு முதலிலேயே விழுந்துவிடும், அதனால் கூட அடித்தால் ஒரு பிரதியின் விலை குறையும் என்று அச்சகத்தில் ஆசை காட்டுவார்கள். விற்காத பிரதிக்கு மலிவு விலை என்று ஒன்று இல்லை. நூறு, இருநூறுதான் போகும் என்றால் டிஜிற்றல் அச்சே போதும்.

ஆக்கங்கள் பாதி பழைய பாமினி எழுத்துருவிலும் பாதி யுனிகோட்டிலும் வரும். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். மாற்றிய பிறகு இன்னொருதரம் மெய்ப்புப் பாருங்கள். கட்டுரையில் எழுத்துப்பிழை இருந்தால் வாசகர் ஊகித்துக்கொள்வார், பகிடியின் கடைசிச் சொல்லில் இருந்தால் பகிடியே இல்லை.

கடைகளுக்குக் கொடுத்த பிரதிகளை ஒரு கொப்பியில் எழுதி, அடுத்த இதழைக் கொடுக்கும்போது பழையதன் காசையும் மீதியையும் கேட்டு வாங்குங்கள். கூச்சப்பட்டால் கணக்கு ஒருபோதும் நேராகாது. பீடிஎப் பிரதி ஒன்றை ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் சேர்த்து வைக்கும் நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள். கடைக்காரர் இதழில் கடலை சுற்றிக் கொடுத்தாலும் அங்கே ஒன்று இருக்கும்.