மில்லர் மெஷின் ஓடும்போது

ரூஃப் கான்கிரீட் போடும் நாளில் எல்லோருடைய கண்ணும் கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை மேல்தான் இருக்கும். மேஸ்திரியாக நான் நிற்பது கீழே, கான்கிரீட் கலக்கும் மில்லர் மெஷின் பக்கத்தில். ஆட்கள் வரிசையாக வந்து ஜல்லி கொட்டும்போது எனக்குப் பெரிய பயம் இல்லை. நடுவில் "இதை மட்டும் தள்ளி விட்டுடறேன்" என்று யாராவது குனியும்போதுதான் பயம்.

முக்கியமாக ஹாப்பர், அதாவது சரக்கை மேலே தூக்கி டிரம்முக்குள் கொட்டும் தொட்டி. 50 கிலோ சிமென்ட் மூட்டையோடு மணலும் ஜல்லியும் சேர்ந்தால் கால் டன்னைத் தாண்டும். அத்தனையையும் தூக்கிப் பிடிப்பது ஒரு கம்பி ரோப்பும் பிரேக்கும் மட்டுமே. ஹாப்பர் இறங்கும் பள்ளத்தில் சிந்திய ஜல்லி சேர்ந்துவிட்டால் அது சரியாக உட்காராது. உடனே ஒருவர் மண்வெட்டியோடு அடியில் நுழைவார். விடாதீர்கள். பள்ளத்தைச் சுத்தம் செய்ய வேண்டுமானால் காலி ஹாப்பரை மேலே ஏற்றி, இரண்டு பக்கமும் சங்கிலிக் கொக்கியை மாட்டி, இன்ஜினை நிறுத்திய பிறகுதான் ஆள் இறங்கலாம். கொக்கி இல்லாத மெஷின் வாடகைக்கு வந்தால் திருப்பி அனுப்புங்கள். காலையில் ஹாப்பர் தரையில் இருக்கும்போதே ரோப்பைப் பழைய துணியால் பிடித்து இழுத்துப் பாருங்கள். இழை அறுந்த இடத்தில் துணி மாட்டும். அந்த ரோப்போடு வேலை தொடங்கவே கூடாது.

டீசல் இன்ஜினுக்கு ஹேண்டில் போடும்போது கட்டைவிரலையும் மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே வையுங்கள். இன்ஜின் திருப்பி உதைத்தால் கை நழுவி வந்துவிடும். கட்டைவிரல் சுற்றிப் பிடித்திருந்தால் முறிந்துவிடும். கரண்ட் மோட்டார் என்றால் எர்த், கரண்ட் கசிந்தால் உடனே லைனை வெட்டும் 30 மில்லிஆம்பியர் ஈஎல்சிபி ஸ்விட்ச் இரண்டும் கட்டாயம். ஒயர் தண்ணீரில் கிடக்கக் கூடாது.

டிரம்மைச் சுற்றும் பல்சக்கரத்துக்கு மூடி இருக்கிறதா பாருங்கள். சித்தாள்களிடம் முந்தானையை இழுத்துச் செருகி, மேல்சட்டைக்குப் பட்டன் போடச் சொல்லுங்கள். ஆண்கள் கழுத்துத் துண்டைக் கழற்றி வைக்கட்டும். கலவை ஒட்டிக்கொண்டது என்று ஓடும் டிரம்முக்குள் மண்வெட்டியை விட்டால், உள்ளே இருக்கும் பிளேடு அதைப் பிடுங்கிக் காம்பால் நெஞ்சிலேயே இடிக்கும். நிறுத்திவிட்டுச் சுரண்டினால் இரண்டு நிமிடம்தான் கூடுதலாகும்.

அப்புறம் சிமென்ட். ஈரக் கலவை காரம் மிகுந்தது. தோலில் பட்டதும் வலிக்காது, அதனால் யாரும் கழுவ மாட்டார்கள். கம்பூட்டுக்குள் புகுந்த கலவை சாயங்காலத்துக்குள் காலைப் புண்ணாக்கிவிடும். தேங்காய் எண்ணெய் தடவுவது மட்டும் போதாது, ரப்பர் கையுறை வேண்டும். கண்ணில் தெறித்தால் கசக்க விடாமல், இமையைத் திறந்து பிடித்து இருபது நிமிடமாவது தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். பிறகு நேராக ஆஸ்பத்திரி. அதற்கென்று ஒரு குடம் நல்ல தண்ணீர் மூடி வைத்திருங்கள். கலவைச் சட்டியை முக்கியெடுத்த பீப்பாய்த் தண்ணீர் கண்ணுக்கு ஆகாது.