தராசு இல்லாமலே பில்லிங் மென்பொருளைச் சோதிப்பது எப்படி? மெய்நிகர் சீரியல் போர்ட் செய்முறை

கடையில் இருக்கும் மின்னணுத் தராசு ஆர்எஸ்-232 என்ற சீரியல் இணைப்புக் கேபிள் வழியாக எடையை வெறும் எழுத்துகளாகக் கணினிக்கு அனுப்புகிறது. அதைப் படிக்கும் மென்பொருளை எழுதுகிறவர் மேசையில் பெரும்பாலும் தராசு இருக்காது, இப்போதைய லேப்டாப்பில் சீரியல் போர்ட்டும் இருக்காது. இதற்காக வியாபார நேரத்தில் கடைக்காரரிடம் போய் நிற்க வேண்டியதில்லை. காம்0காம் என்ற இலவச மென்பொருள் விண்டோஸுக்குள்ளேயே இரண்டு போர்ட்டுகளை உண்டாக்கி, நடுவில் நல் மோடம் கேபிள் (இரண்டு கணினிகளை நேருக்கு நேர் இணைக்கும் சீரியல் கேபிள்) போட்டதுபோல இணைத்துவிடும். ஒன்றில் எழுதினால் மற்றதில் வந்து விழும். காசு கொடுத்து வாங்குகிற மென்பொருள்களும் இருக்கின்றன, ஆனால் இந்த வேலைக்கு அவை தேவையே இல்லை என்பேன்.

படி 1: நிறுவுதல்

3.0.0.0 பதிப்பில் கையொப்பமிட்ட தொகுப்பு தனியாக இருக்கும், அதையே இறக்குங்கள். நிறுவியதும் டிவைஸ் மேனேஜரைப் பாருங்கள். மஞ்சள் குறியும் 52 என்ற பிழை எண்ணும் வந்தால், டிரைவரின் கையொப்பத்தை விண்டோஸ் ஏற்கவில்லை என்று அர்த்தம். செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பைப் போட்டிருக்கும் கணினிகளில் இது நடக்கும். பயோஸில் போய் அதை அணைக்கலாம், ஆனால் வட்டைப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் மீட்புச் சாவியை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை கணினியே திறக்காமல் சாவி கேட்கும். அன்றாட வேலைக்கான கணினியில் கை வைக்காமல் வர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் கணினி மென்பொருளில் ஒரு விண்டோஸ் போட்டு அதற்குள் செய்வதுதான் எனக்குப் பிடித்த வழி.

படி 2: பெயர் வைத்தல்

செட்டப் சாளரத்தில் சிஎன்சிஏ0, சிஎன்சிபி0 என்று ஒரு ஜோடி தெரியும். அவற்றை காம்8, காம்9 என்று மாற்றி, இரண்டுக்கும் 'யூஸ் போர்ட்ஸ் கிளாஸ்' என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். இந்த டிக் இல்லாவிட்டால், போர்ட் இருந்தும் பல மென்பொருள்களின் பட்டியலில் தலைகாட்டாது. காம்10-ம் அதற்கு மேலும் வேண்டாம். மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் எழுதினால் பிரச்சினை இல்லை, ஆனால் சி மொழியில் போர்ட்டை நேரடியாகத் திறக்கிறவர்கள் பெயருக்கு முன்னால் \\.\ சேர்க்க வேண்டிவரும்.

படி 3: தராசாக நடிப்பது

ஒரு பக்கம், தட்டியதைப் போர்ட்டுக்கு அனுப்பும் புட்டி என்ற மென்பொருளில் காம்8, மறுபக்கம் உங்கள் மென்பொருளில் காம்9. புட்டியில் 1.250 என்று அடித்து என்டர் தட்டுங்கள். தட்டியது புட்டி சாளரத்தில் தெரியாது, அது சரிதான், எழுத்துகள் மறுபக்கம் போய்விட்டன. ஆனால் அங்கே மென்பொருள் அசையாமல் நிற்கும். என்னை அதிக நேரம் பிடித்து வைத்த இடம் இது. என்டர் தட்டினால் புட்டி அனுப்புவது 13 என்ற ஒரே பைட், அதாவது சிஆர். ஒரு வரியைப் படிக்கும் டாட்நெட்டின் ரீட்லைன் கட்டளை, நாம் மாற்றாத வரை, எதிர்பார்ப்பது 10, அதாவது எல்எஃப். அது வரும்வரை காத்திருக்கும், டைம்அவுட்டும் (காத்திருப்புக்கான நேர வரம்பு) தானாகக் கிடையாது. புட்டியில் கன்ட்ரோல்-ஜே அழுத்துங்கள், 10 போகும், எடை உடனே திரையில் விழும். உங்கள் தராசு வரியை எதில் முடிக்கிறது என்று அதன் கையேட்டில் பார்த்து, மென்பொருளில் அதையே வையுங்கள். டைம்அவுட்டும் கட்டாயம் போடுங்கள்.

அப்புறம் கையால் அடிப்பதை விட்டுவிட்டு, பைசீரியல் என்ற பைதான் நூலகத்தில் ஒரு சின்ன நிரல் எழுதி எடையைத் தொடர்ந்து அனுப்புங்கள். வரியை முழுதாக அனுப்பாமல் "1.2" அனுப்பி, கொஞ்சம் நிறுத்தி, "50" அனுப்புங்கள். உண்மையான கேபிளில் தகவல் இப்படித் துண்டுதுண்டாகத்தான் வந்து சேரும், ஒன்றேகால் கிலோவை 1.2 என்று படித்து பில் போடும் மென்பொருள் இந்தச் சோதனையில்தான் மாட்டும்.

இன்னும் இரண்டு விஷயம். காம்0காம் பாட் ரேட்டை, அதாவது தகவல் போகும் வேகத்தை, கண்டுகொள்வதில்லை, ஒரு பக்கம் 9600, மறுபக்கம் 2400 வைத்தாலும் எல்லாம் ஒழுங்காக ஓடும். நிஜத் தராசில் அது குப்பை எழுத்தாக வரும். ஆகவே வேக அமைப்பை மட்டும் நிஜ வன்பொருளில்தான் உறுதிசெய்ய முடியும். அடுத்து, மறுபக்கம் யாரும் படிக்காவிட்டால் அனுப்பும் நிரல் உறைந்து நிற்கும். நிஜப் போர்ட்டில் எழுத்துகள் காற்றில் போகும். அதே நடத்தை வேண்டுமென்றால் 'எனேபிள் பஃபர் ஓவர்ரன்' டிக் போடுங்கள்.

சேர்க்கை: லினக்ஸில் செய்வது எப்படி என்று சிலர் கேட்டிருந்தார்கள். அங்கே சோகேட் என்ற கட்டளை போதும், இரண்டு பிடிஒய் (மென்பொருளால் உண்டாக்கும் போலி டெர்மினல்) கொடுத்து இணைத்தால் ஆயிற்று. இரண்டிலும் ரா, எக்கோ=0 என்ற தேர்வுகளை விட்டுவிடாதீர்கள், விட்டால் அனுப்பியதே திரும்பி வந்து குழப்பும். லிங்க் என்ற தேர்வில் நிலையான பெயர் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் போர்ட் எண்ணைத் தேட வேண்டாம். ஆனால் பிடிஒய்-யில் ஆர்டிஎஸ், டிடிஆர் போன்ற கட்டுப்பாட்டுக் கம்பிகள் கிடையாது. அவற்றையும் சோதிக்க வேண்டியவர்கள் டிடிஒய்0டிடிஒய் என்ற கெர்னல் மாட்யூலை ஏற்றிக்கொள்ளுங்கள்.