முந்திரிப்பழ சிரப் போட்டாச்சு, இனி விக்கிறது எப்படி?

எங்க தோப்பு பண்ருட்டி பக்கம். கொட்டைய வியாபாரி எடுத்துட்டுப் போயிடுவாரு, பழம் மரத்தடியிலயே கெடந்து அழுகும், அதைத்தான் நாலு வருஷமா சிரப்பா போட்டுட்டு வர்றோம். போடுறது கூட பரவால்ல, விக்கிறதுலதான் மொத ரெண்டு சீசனும் செம அடி. ரோட்டோரம் பலாப்பழக் கடைக்குப் பக்கத்துல ஒரு லிட்டர் பாட்டிலா அடுக்கி வெச்சுட்டு உக்காந்தா, கார்ல வர்றவங்க எறங்கி சுளை வாங்குவாங்க, நம்ம பாட்டிலப் பாத்து "நல்லெண்ணெயாங்க?"ன்னு கேட்டுட்டுப் போயிடுவாங்க. புதுசா ஆரம்பிக்கிறவங்க அந்த அடிய வாங்க வேணாம்னுதான் இத எழுதுறேன்.

ஸ்டெப் 1: சக்கரை சேக்காத வெறும் ஜூஸா விக்காதீங்க

மொத வருஷம் அப்படித்தான் வித்தேன். புதுச்சேரிக்காரர் ஒருத்தர் வாங்கிட்டுப் போனாரு, கார் வெயில்ல நின்னிருக்கு, ஜூஸ் நொதிச்சு மூடி பட்டுனு தெறிச்சு சீட்டு பூரா நுரை. கோவாவுல இதே பழத்த நொதிக்க வெச்சு வடிச்சுதான் ஃபெனிங்கிற சாராயம் எடுக்குறாங்க, 2009லயே புவிசார் குறியீடு வாங்கிட்டாங்க. வெளிநாட்டுல ஆப்பிள் தோப்பு வெச்சிருக்கவங்க சைடர், அதாவது நொதிச்ச ஆப்பிள் மது போட்டு பண்ணையிலயே விக்கிறாங்க. இங்க லைசென்ஸ் இல்லாம அதப் பண்ணா மதுவிலக்குக் கேஸ்தான், அதனால ஆசையே வேணாம்.

லிட்டர் சாறுக்கு 5 கிராம் ஜவ்வரிசிய கஞ்சியாக் காச்சி ஆறவிட்டுக் கலந்து ராத்திரி பூரா வைங்க, தொண்டையப் புடிக்கிற காறல் அடியில படிஞ்சிடும். தெளிஞ்சத மட்டும் எடுத்து சக்கரை சேருங்க. சிரப்னு லேபிள் ஒட்டணும்னா அதுல கரைஞ்சிருக்கிற சக்கரை மாதிரி திடப்பொருள் 65 சதவீதமாவது இருக்கணும், அத அளக்குற ரிஃப்ராக்டோமீட்டர்ங்கிற கருவி ஒண்ணு வாங்கிடுங்க, கண்ணளவு சரிப்படாது.

ஸ்டெப் 2: சின்ன பாட்டில், மொதல்ல ஒரு டம்ளர்

இதுதான் எங்களுக்கு எல்லாத்தையும் மாத்துச்சு. தெரியாத பொருள யாரும் ஒரு லிட்டர் வாங்க மாட்டாங்க, 200 மில்லின்னா யோசிக்காம வாங்குவாங்க. பானைத் தண்ணி நாலு பங்கு, சிரப் ஒரு பங்கு, எலுமிச்சை ரெண்டு சொட்டு, உப்பு ஒரு சிட்டிகை, குட்டி டம்ளர்ல ஊத்தி நீட்டுங்க. என்ன பழம்னு சொல்லாதீங்க! "கண்டுபிடிங்க பாப்போம்"னு மட்டும் கேளுங்க. புள்ளைங்க ஆப்பிளும்பாங்க, பேரிக்காயும்பாங்க, பின்சீட்டுல இருந்து ஒரு பாட்டி எட்டிப் பாத்து "அட, முந்திரிப்பழம்டா, உப்பு தொட்டு சாப்பிடுவோமே"ன்னு சொன்னா அவ்ளோதான், ரெண்டு பாட்டில் போயிடும்.

ஸ்டெப் 3: பேப்பர் வேலை

எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) ரிஜிஸ்ட்ரேஷன் ஆன்லைன்லயே போட்டுடலாம். அந்த 14 இலக்க நம்பர், பேட்ச் நம்பர், தயாரிச்ச தேதி, எம்ஆர்பி, பச்சைப் புள்ளி எல்லாம் லேபிள்ல வரணும். போரிங்தான், ஆனா இது இல்லாம எந்தக் கடையும் உள்ள விடாது.

ஸ்டெப் 4: வாட்ஸ்அப்ல முன்கூட்டியே ஆர்டர்

சீசன் மார்ச்ல இருந்து மே வரைக்கும்தான், பழம் கீழ விழுந்தா ஒரு நாள் தாங்கும், அதனால பிப்ரவரியிலயே ஆர்டர் கேட்டுடுங்க. ஒரே மெசேஜ எல்லாருக்கும் தனித்தனியா அனுப்புற பிராட்காஸ்ட் லிஸ்ட்ல 256 பேர் வரைக்கும் சேக்கலாம், ஆனா உங்க நம்பர அவங்க சேவ் பண்ணியிருந்தாதான் மெசேஜே போவும், இது தெரியாம நான் ஒரு மாசம் செவுத்துக்கிட்ட பேசிட்டு இருந்தேன். டம்ளர் குடுக்கும்போதே சேவ் பண்ணச் சொல்லிடுங்க. சனிக்கிழமை கடலூர் மஞ்சக்குப்பம், ஞாயிறு புதுச்சேரின்னு எடத்த ஃபிக்ஸ் பண்ணிட்டா அவங்களே வந்து வாங்கிப்பாங்க, கூரியர்ல கண்ணாடி ஒடையிற தலைவலி இல்ல. காலி பாட்டில் திருப்பிக் குடுத்தா 10 ரூபா கழிச்சுக்கிறோம், அதுக்காகவே திரும்பி வர்றவங்க இருக்காங்க.

கடைக்குக் குடுக்கணும்னா கையில காசு வாங்கிட்டு ஒரு டஜன் மட்டும் குடுங்க. "வித்ததும் தர்றேன்"ன்னு சொன்ன ஒரு கஃபேக்கு நான் அலைஞ்ச பெட்ரோல் செலவு, அந்த பாட்டில்களோட வெலைய விட ஜாஸ்தி.