பழைய படப் போஸ்ட்கார்டு சேர்க்க ஆசையா, முதல்ல பின்பக்கத்தைத் திருப்புங்க

ஸ்டாம்ப் கண்காட்சி ஒண்ணுல ஷூ டப்பா நிறைய பழைய கார்டு வச்சுக்கிட்டு ஒரு பெரியவர் உக்காந்திருந்தாரு, எதை எடுத்தாலும் 300 ரூபான்னு அட்டையில எழுதி வச்சிருந்தாரு, நான் சும்மா கிளறிட்டு இருந்தப்போ கைக்கு வந்ததுதான் என்னோட முதல் கார்டு. மவுன்ட் ரோடு, மெட்ராஸ்னு இங்கிலீஷ்ல கீழ போட்டிருக்கு. நடுவுல ஒரு ராணுவக்காரர் சிலை, பக்கத்துல ஒரு ஜட்கா (குதிரை வண்டி), மேல நம்ம ஊர்ல யாருமே பாத்திருக்காத ஒரு ரோஸ் கலர் வானம். அந்த ஒரு கார்டை வச்சே மொத்த வேலையையும் சொல்லிடுறேன், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு அது போதும்.

ஸ்டெப் 1: எது போஸ்ட்கார்டு, எது படப் போஸ்ட்கார்டு

நம்ம தாத்தா பாட்டி கல்யாணத் தகவல் எழுதின மஞ்சக் கார்டு வேற, இது வேற. இந்தியாவுல அரசாங்க தபால் கார்டு 1879 ஜூலை 1ல கால் அணாவுக்கு வந்துச்சு, அதுல படம் எதுவும் கிடையாது. படம் போட்ட கார்டு இங்க பரவினது 1890கள் கடைசியிலதான். அப்படி கார்டு போட்டு வித்தவங்க மெட்ராஸ்ல ஹிக்கின்பாதம்ஸ், ஸ்பென்சர், வீலே அண்ட் க்ளைன் ஸ்டுடியோ, கொழும்புல பிளாட்டே கம்பெனி, லண்டன்ல ரஃபேல் டக், இந்தப் பேரையெல்லாம் மனசுல வச்சுக்கோங்க, திரும்பத் திரும்ப வரும்.

ஆரம்பத்துலயே எல்லாத்தையும் வாங்காதீங்க. ஒரு ஊரு, ஒரு ரோடு, இல்ல கோயில் குளம், ரயில்வே ஸ்டேஷன்னு ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுக்கோங்க. நான் மவுன்ட் ரோட்டைப் பிடிச்சேன்.

ஸ்டெப் 2: எங்க கிடைக்கும்

ஸ்டாம்ப் கண்காட்சி, பழைய காசு விக்கிறவங்க, பழைய புத்தகக் கடை. ஆனா உண்மையைச் சொன்னா மெட்ராஸ் கார்டு மெட்ராஸ்ல இருக்கிறதைவிட இங்கிலாந்துலதான் அதிகம், ஏன்னா இங்க வேலை பாத்த வெள்ளைக்காரங்க வாங்கி ஊருக்குப் போஸ்ட் பண்ணிட்டாங்க, அது அங்கேயே பரண்ல கிடந்து இப்போ ஈபேலயும் டெல்கேம்ப்லயும் ஏலத்துக்கு வருது. ஆன்லைன்ல வாங்கும்போது பின்பக்க போட்டோ இல்லாத கார்டை வாங்கவே வாங்காதீங்க. ஷிப்பிங் செலவு கார்டு விலையைவிட ஜாஸ்தியா போகும், அதனால ஒரே ஆள்கிட்ட நாலஞ்சு சேர்த்து எடுங்க.

ஸ்டெப் 3: திருப்பிப் பாருங்க

எல்லாரும் படத்தைத்தான் பாப்பாங்க. தேதி இருக்கிறது பின்னாடி.

முதல்ல நடுவுல கோடு இருக்கான்னு பாருங்க. அந்தக் காலத்துல ஒரு பக்கம் முழுக்க அட்ரஸுக்கு மட்டும்தான், சேதி எழுதணும்னா படத்துப் பக்கத்துல இருக்கிற கொஞ்ச வெள்ளை இடத்துலதான் நுணுக்கி எழுதணும். பிரிட்டன்ல 1902லயும் ஜெர்மனியில 1905லயும் அமெரிக்காவுல 1907லயும்தான் பின்பக்கத்தை ரெண்டாப் பிரிக்க விட்டாங்க, இடது பக்கம் சேதி, வலது பக்கம் அட்ரஸ். அதனால கோடு இல்லாத கார்டுன்னா பெரும்பாலும் இதுக்கு முந்தினது. பழசுன்னு சொல்லி 6க்கு 4 இஞ்ச் கார்டைக் காட்டினா கொஞ்சம் சந்தேகப்படுங்க, அந்தக் காலத்துக் கார்டு 14க்கு 9 சென்டிமீட்டர்தான்.

அடுத்து ஸ்டாம்ப். என் கார்டுல சிவப்பு கலர்ல ஒரு அணா, எட்வர்ட் ராஜா தலை. எட்வர்ட் தலை ஸ்டாம்ப் 1902ல வந்துச்சு, சரி, அதுக்கு மேல எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு லென்ஸ் வச்சுப் பாத்தா கீழ இந்தியா போஸ்டேஜ்னு மட்டும் இல்ல, போஸ்டேஜ் அண்ட் ரெவின்யூன்னு இருக்கு. அந்த வாசகம் 1906லதான் வந்துச்சு. அப்போ ஸ்டாம்ப் மேல குத்தின தபால் ஆபீஸ் முத்திரையைப் படிக்க முடியலைன்னாகூட இந்தக் கார்டு 1906க்கு முன்னாடி போயிருக்கவே முடியாது. முத்திரையைச் சாய்ச்சு வெளிச்சத்துல பிடிச்சா 08ன்னு வருஷம் தெரிஞ்சது, கணக்கு சரியா வந்துடுச்சு. (ஸ்டாம்ப் சேக்கிறவங்க இதே ஸ்டாம்பைக் கிழிச்செடுத்துட்டு கார்டைத் தூக்கிப் போட்டிருக்காங்க பாருங்க, அப்படி மூலை கிழிஞ்ச கார்டு எத்தனையோ பாத்துட்டேன், வயிறு எரியுது.)

ஸ்டாம்ப் மேல எட்வர்ட் இல்லாம ஜார்ஜ் தலை இருந்தா 1911ல இருந்து கணக்கு வையுங்க.

ஸ்டெப் 4: லென்ஸும் டார்ச்சும்

10 மடங்கு பெரிசாக் காட்டுற நகைக்கடை லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கோங்க. வரிசை வரிசையா புள்ளி தெரிஞ்சா ஹாஃப்டோன் அச்சு. புள்ளி இல்லாம மணல் கொட்டின மாதிரி ஒழுங்கில்லாம இருந்தா கொலோடைப்ங்கிற இன்னொரு அச்சு முறை. ஒண்ணுமே இல்லாம வழவழன்னு போச்சுன்னா அது நிஜமான போட்டோவையே கார்டு பேப்பர்ல பிரின்ட் போட்டது, ஓரத்துல வெள்ளி மாதிரி மினுமினுன்னு இருந்தா இன்னும் நல்லது.

போலியைப் பிடிக்க ஒரு யூவி டார்ச். ரூம்ல லைட்டை அணைச்சிட்டு அடிச்சுப் பாருங்க, பேப்பர் நீலமா பளிச்சுன்னு ஒளிர்ந்தா அதுல வெளுப்பாக்குற ரசாயனம் இருக்குன்னு அர்த்தம், அது பேப்பர்ல புழக்கத்துக்கு வந்தது சுமார் 1950க்கு அப்புறம். நூறு வருஷ கார்டுன்னு வித்தவர் முகத்தை அப்போ பாக்கணும்.

பின்பக்க ஓரத்துல பொடி எழுத்துல ஜெர்மனியில அச்சடிச்சது, சாக்ஸனியில (அதுவும் ஜெர்மனிதான்) அச்சடிச்சதுன்னு இருக்கும். நெகட்டிவ் மெட்ராஸ்ல, அச்சு ஜெர்மனியில. அங்க கலர் போட்டவங்க நம்ம ஊரைக் கண்ணால பாத்தவங்க இல்ல, அதனாலதான் அந்த ரோஸ் வானம், ஒரே படம் ஒரு கார்டுல பச்சைப் புடவையோடயும் இன்னொண்ணுல சிவப்புப் புடவையோடயும் வரும். 1914ல போர் வந்ததும் இந்த வியாபாரம் நின்னுச்சு. மெட்ராஸ் படத்தை அச்சடிச்சு அனுப்பிட்டு இருந்த அதே ஜெர்மனியோட எம்டன் கப்பல் அந்த வருஷம் செப்டம்பர் 22 ராத்திரி வந்து துறைமுகத்து எண்ணெய் டேங்க் மேல குண்டு போட்டுச்சு.

ஸ்டெப் 5: படம் எடுத்த வருஷம் வேற, போஸ்ட் பண்ணின வருஷம் வேற

புதுசா வர்றவங்க இங்கதான் வழுக்கி விழுவாங்க, நானும் விழுந்தேன். ஒரே நெகட்டிவை பத்து வருஷத்துக்கு மேலகூட வச்சு ஓட்டுவாங்க. 1908ல போஸ்ட் ஆன கார்டுல இருக்கிறது 1908 மெட்ராஸ்னு சொல்ல முடியாது, அதுக்கு முந்தின ஏதோ ஒரு நாள், அவ்ளோதான்.

அதனால படத்துக்குள்ள இருக்கிற கட்டடத்தையும் கம்பியையும் வச்சு வருஷத்தை ரெண்டு பக்கமும் நெருக்கணும். மெட்ராஸுக்கு நான் வச்சிருக்கிற கணக்கு: டிராம் ஓடினா 1895க்கும் 1953க்கும் நடுவுல. ஹைகோர்ட் கட்டடம் முழுசா நின்னா 1892க்கு அப்புறம். மூர் மார்க்கெட் இருந்தா 1900க்கு அப்புறம், எழும்பூர் ஸ்டேஷன் இருந்தா 1908க்கு அப்புறம், ரிப்பன் பில்டிங்னா 1913. உங்க ஊருக்கும் இதே மாதிரி ஒரு லிஸ்ட் எழுதிக்கோங்க, மணிக்கூண்டு, பாலம், தண்ணித் தொட்டி எல்லாம் சேர்த்து.

இப்போ என் கார்டுல இருக்கிற சிலை. கார்டுல பேர் இல்ல. யாரோ கவர்னர்னு நினைச்சு ரெண்டு வாரம் விட்டுட்டேன், அப்புறம் 600 டிபிஐல ஸ்கேன் பண்ணி கூகுள் லென்ஸ்ல போட்டு, வந்த பழைய போட்டோவோட பீடத்தை ஒப்பிட்டுப் பாத்தா அது கர்னல் நீல். 1857 கிளர்ச்சியப்போ மெட்ராஸ் படையைக் கூட்டிட்டு வடக்க போய் அலகாபாத், கான்பூர் பக்கம் கண்ணு மண்ணு தெரியாம ஜனங்களைத் தூக்குல போட்ட ஆளு, அதே வருஷம் லக்னோவுல செத்துட்டாரு, இங்க மவுன்ட் ரோட்டுல சிலை வச்சாங்க. 1927ல அதை எடுக்கச் சொல்லி பெரிய போராட்டம், நிறைய பேர் ஜெயிலுக்குப் போனாங்க. 1937ல ராஜாஜி அரசாங்கம் வந்த பிறகுதான் ரோட்டை விட்டுப் போச்சு, இப்போ எழும்பூர் மியூசியத்துல இருக்கு. அனுப்பினவங்களுக்கு அது வெறும் அழகான ரோடு. ஜட்காக்காரருக்கு அந்தச் சிலை என்னவா இருந்திருக்கும்னு யோசிச்சுக்கிட்டே அன்னைக்கு ரொம்ப நேரம் லென்ஸை எடுக்கல.

ஸ்டெப் 6: கேப்ஷனை நம்பாதீங்க

சலவைக்காரர், நாவிதர், கள் இறக்குறவர், ஆயான்னு ஆளுங்களை வகை பிரிச்சு ஸ்டுடியோவுல நிக்க வச்சு எடுத்த கார்டுங்க ஏகப்பட்டது வரும். ஒருத்தருக்கும் பேர் இருக்காது, தொழிலோ ஜாதியோதான் பேர். மெட்ராஸ் ஹன்ட்னு ஒரு கார்டு, வேட்டைன்னு நினைச்சுப் பாத்தா பொம்பளைங்க உக்காந்து ஒருத்தருக்கொருத்தர் பேன் பாக்குறாங்க. அதை வாங்கி ஊருக்கு அனுப்பிச் சிரிச்சிருக்காங்க. இந்த மாதிரி கார்டை வாங்குறது தப்பில்ல, ஆனா வாட்ஸ்அப்ல அந்தக் காலத்து மெட்ராஸ் வாழ்க்கைன்னு போடுறதுக்கு முன்னாடி, ஆளுக்குப் பின்னாடி இருக்கிற ஸ்டுடியோ திரைச்சீலையைப் பாருங்க, காலுக்குக் கீழ கம்பளத்தைப் பாருங்க.

இன்னும் ஆழமா போகணும்னா தரமணியில ரோஜா முத்தையா நூலகம், எழும்பூர்ல ஆவணக் காப்பகம். கடை போர்டுல இருக்கிற பேரைப் பழைய வியாபார டைரக்டரியில தேடினா எந்த வருஷம் எந்தக் கதவு எண்ல இருந்தாங்கன்னு கிடைக்கும்.

ஸ்டெப் 7: பத்திரமா வைக்கிறது

என் முதல் பதினோரு கார்டையும் கல்யாண ஆல்பம் மாதிரி பசை போட்ட பக்கம், மேல பிளாஸ்டிக், அதுல ஒட்டி வச்சேன். ஆறு மாசம் கழிச்சு எடுத்தா பசை பின்பக்கத்துல இருந்த பென்சில் எழுத்தோட ஒரு தோலை உரிச்சுக்கிட்டு வந்துடுச்சு. படம் அப்படியே இருக்கு, சேதி போச்சு.

லேமினேஷன் கூடாது, செல்லோடேப் கூடாது, ஈரத்துணியால துடைக்கக் கூடாது, கையால போட்ட கலர் கரைஞ்சுடும். பாலிபுரோப்பிலீன் உறை கேட்டு வாங்குங்க, பிவிசி வேணாம். நிமிர்த்தி ஒரு அட்டை டப்பாவுல, உள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட், மழைக்காலத்துல அதை மாத்துங்க. பீரோவுல துணிக்கு நடுவுல வைக்காதீங்க, ராமபாணப் பூச்சி வரும். நம்பர் போடணும்னா உறை மேல போடுங்க, கார்டு மேல வேணாம். ஒரு நோட்டுல நம்பர், வாங்கின விலை, ஸ்டாம்ப், முத்திரைத் தேதி, படத்துல பாத்த அடையாளம், அஞ்சே கட்டம் போதும். என் நோட்டுல முதல் வரி: 1, 300 ரூபா, எட்வர்ட் ஒரு அணா, 1908, நீல் சிலை, ஜட்கா.